தீட்டு

தமிழில் ‘தீட்டு’ என்பது வினையாகவும் பெயராகவும் வழங்கும் சொல். வினையாக வரும்போது கத்தியைக் கூராக்குவதையும், அரிசியைக் குற்றித் தவிடு நீக்குவதையும், ஓவியம் வரைவதையும் குறிக்கும். பெயராக வரும்போது பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு, சாதி ஆகியவற்றின் பெயரால் மனிதர்களை விலக்கிவைக்கும் வழக்கத்தைக் குறிக்கும். முதலாவது, ஒரு பொருளைத் திரும்பத் திரும்பத் தொட்டுச் செம்மையாக்குவது. இரண்டாவது, தொடவே கூடாது என்று தள்ளிவைப்பது. சொல்லாராய்ச்சி இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தாலும், தமிழ்ச் சமூகத்தில் இரண்டும் ஒரே தொழிலாளரின் கையில் வந்து சேர்ந்தன. அவர் சவரத் தொழிலாளர். நாளெல்லாம் கத்தியைத் தீட்டியவர் அவர். அவரைத் தொட்டவர் தீட்டுப் போக்கக் குளித்தார்கள்.

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழையை ஒட்டியது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், வண்டன்மேட்டுப் பக்கத்தில் உள்ளது. இரண்டாவது ஊரைச் சுற்றிய ஏலத் தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தமிழ்த் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி வருகிறார்கள். தலைமுறைகளாக மலையிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் பல. அங்கே சிறிய முடிதிருத்தகம் நடத்தும் பெரியவர் ஒருவரும் அவ்வாறு கம்பத்திலிருந்து ஏறிவந்தவரே. அவருடைய கடையில் இன்று சவரக்கத்திக்கு வேலை இல்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடை இரண்டாக ஒடித்துப் பிடியில் மாட்டுகிறார்; வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறார். ஆனால் மேசை இழுப்பறையில், எண்ணெய்த் துணியில் சுற்றிய மடக்குக் கத்தி ஒன்று இருக்கிறது. அது அவருடைய தந்தையின் அடைப்பத்தில் இருந்தது.

2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் கல்லூரி மூடப்பட்டு ஊர் திரும்பிய முதுகலை மாணவர் ஒருவர், அந்த ஆண்டின் இறுதியில் அந்தக் கத்தியைக் கையாளக் கற்றுத்தருமாறு பெரியவரிடம் கேட்டார். மாணவரின் குடும்பம் தோட்டத்தில் கூலிவேலை செய்யும் அருந்ததியர் குடும்பம். அவருடைய தந்தை வாழ்நாளில் எந்த முடிதிருத்தகத்து நாற்காலியிலும் அமர்ந்ததில்லை. விரலிடுக்கில் பிடித்த பாதி பிளேடால், கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்துத் தாமே மழித்துக்கொள்வார். தாடையில் ஆறிய கீறல்கள் எப்போதும் இருக்கும். தந்தை ஏன் கடைக்குப் போவதில்லை என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. விடை எல்லோருக்கும் தெரியும்.

பெரியவர் மறுக்கவில்லை. ஆனால் முதல் மூன்று மாதங்கள் முகம் எதையும் தொட விடவில்லை. “மொதல்ல கல்லு, அப்புறம் வாரு, அதுக்கப்புறந்தான் மூஞ்சி, தம்பி” என்பதே அவர் வகுத்த பாடத்திட்டம்.

சவரக்கத்தியின் அமைப்பு எளிமையாகத் தோன்றும். அந்த எளிமைக்குள் ஒரு வடிவியல் இருக்கிறது. சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் நிறுத்திவைக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்தப் பொறுப்பைக் கத்தியே ஏற்றுக்கொள்கிறது. அதன் முதுகு தடித்திருக்கும். வாய் நோக்கி இருபுறமும் குழிவாக மெலிந்து வரும். கல்லின் மேல் கத்தியைப் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். அலகின் அகலத்துக்கும் முதுகின் தடிப்புக்கும் உள்ள விகிதமே கோணத்தைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கத்திகளில் இரு முகங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 16 முதல் 20 பாகைக்குள் அமையும். முதுகை ஒரு மயிரளவு தூக்கிவிட்டாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

கல்லில் தீட்டும்போது வாய் முன்னே செல்ல வேண்டும், கல்லின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பதைப் போல. மறுமுனையை அடைந்ததும் கத்தியை வாய்ப்பக்கமாகப் புரட்டக் கூடாது. முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். அலகு கல்லைவிட நீளமானால் குதிகாலிலிருந்து நுனிவரை எல்லாப் பகுதியும் கல்லைத் தொடும்படி சற்றுக் குறுக்காக இழுக்க வேண்டும். கல் சமமாக இல்லாவிட்டால் கத்தியும் சமமாகாது. ஆகவே கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்து முதலில் கல்லையே தேய்த்துச் சமன் செய்ய வேண்டியிருந்தது. இக்காலத்துக் கற்களின் நுண்மையை எண்களால் குறிக்கிறார்கள். 1000 எண் கல் வாயின் சரிவை அமைக்கும். 4000, 8000 எண் கற்கள் முந்தைய கல்லின் கீறல்களை அழிக்கும். 12000 எண் கல் மெருகேற்றும். பெரியவரிடம் எண்கள் இல்லை. சொரசொரப்பான கல் ஒன்றும் கண்ணாடிபோல் வழுவழுப்பான கருங்கல் ஒன்றும் இருந்தன. மாணவர் கத்தியின் வாயோரம் மார்க்கர் பேனாவால் கோடிட்டு, நான்கைந்து இழுப்புகளுக்குப் பின் மை எங்கே அழிந்திருக்கிறது, எங்கே எஞ்சியிருக்கிறது என்று பார்த்துத் தம் கையின் குறையைக் கண்டுகொண்டார். பெரியவருக்கு மை தேவைப்படவில்லை. கல் எழுப்பும் ஓசையைக் கேட்டே, “நுனி தொடலை” என்பார்.

கல் கூரைப் பிறப்பிக்கிறது. அதைக் காப்பது தோல் வார். ஆணியில் மாட்டி இழுத்துப் பிடித்த வாரின் மேல் கத்தி எதிர்த்திசையில் செல்ல வேண்டும். இங்கே முதுகு முன்னே, வாய் பின்னே. திசை மாறினால் வார் அறுபடும். வார் தொய்ந்தால் வாய் வட்டமாக மழுங்கும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் 30 முதல் 60 இழுப்புகள். ஒழுங்காக வாரில் இழுக்கப்படும் கத்தி பல வாரங்களுக்குக் கல்லைத் தேடாது. இந்த இரட்டை முறை மிகப் பழையது. சுசுருத சம்ஹிதை, அறுவைக் கருவிகளைத் தீட்டுவதற்கு உளுந்தின் நிறமுள்ள வழுவழுப்பான கல்லையும், தீட்டிய வாயைக் காப்பதற்கு இலவ மரப் பலகையையும் விதிக்கிறது. மயிரை அறுக்கும் அளவுக்குத் தீட்டப்பட்ட பின்னரே கருவியைப் பயன்படுத்தலாம் என்றும் கூறுகிறது. தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டு அதன் மேல் வாயைப் படியவைத்து அறுத்துப் பார்க்கும் சோதனையை ஆனைக்கரைப் பெரியவர் எந்த ஏட்டிலிருந்தும் கற்கவில்லை; அவருடைய தந்தை அவ்வாறு செய்தார்.

நான்காம் மாதத்தில் பலூன் வந்தது. ஊதிய பலூனின் மேல் சோப்பு நுரை தடவி, அது வெடிக்காமல் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். பயிற்சிக்கூடங்களில் இன்றும் உள்ள வழக்கம் இது. முதல் நாளில் மாணவர் ஏழு பலூன்களை வெடிக்கவைத்தார். தவறு எப்போதும் ஒன்றே: அழுத்தம். பெரியவர் சொன்னார்: “கத்தி கூரா இருந்தா அழுத்த வேணாம் தம்பி. அழுத்தணும்னு கைக்குத் தோணுச்சுன்னா கைய எடு. கல்லுக்குப் போ.”

முகத்தில் கத்தியைத் தோலுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். அதற்கும் மேல் நிமிர்த்தினால் சுரண்டும். அதற்கும் கீழே படுக்கவைத்தால் மயிரைப் பிடுங்கும். மழிக்கும் கைக்குச் சமமான வேலை மறுகைக்கும் உண்டு. அது தோலை இழுத்துப் பிடித்துச் சமதளமாக்க வேண்டும். வெந்நீரில் நனைத்து இரண்டு மூன்று நிமிடங்கள் ஊறவிட்டால் மயிர் நீரை உறிஞ்சி இளகும். பிறகு மயிர் வளரும் போக்கிலேயே சிறு சிறு இழுப்புகள். தாடை வளைவில் கத்தி நின்றுவிடும். அங்கே கத்தியை வளைக்காமல் தோலை எலும்பின் மேலிருந்து கன்னப்பக்கம் இழுக்க வேண்டும். குரல்வளை மேட்டின் தோலைப் பக்கவாட்டில் நகர்த்திச் சமநிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். கத்தி எப்போதும் தன் வாய் நோக்கியே நகர வேண்டும். நீளவாட்டில் சறுக்கினால் அதுவே வெட்டு. பேச்சு வழக்கில் சவரம் செய்வதை ‘வழித்தல்’ என்கிறார்கள். திருக்குறளில் வரும் ‘மழித்தல்’ என்ற சொல்லைவிட இச்சொல்லே கையின் இயக்கத்தைத் துல்லியமாகச் சொல்கிறது.

உருக்கைவிட மிக மென்மையான மயிரை அறுத்தே கத்தி ஏன் மழுங்குகிறது என்ற வினாவை மாணவர் தம் பாடத்தின் வழியே தொடர்ந்தார். 2020 ஆகஸ்டில் ‘சயன்ஸ்’ இதழில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதற்கு விடை வெளியிட்டிருந்தனர். மயிர் உருக்கைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் அது வளைந்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வாயைச் சந்திக்கும்போது, உருக்கின் நுண்ணமைப்பு சீரற்றிருக்கும் இடத்தில் வாய் சில்லாக உடைகிறது. தேய்மானத்தைவிட இந்தச் சிற்றுடைவுகளே கூரைக் கெடுக்கின்றன. மாணவர் இதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் வியக்கவில்லை. மயிரை நன்றாக ஊறவைக்காமல் வழித்தால் “கத்திக்குப் பல்லு விழும்” என்று அவருடைய தந்தை சொன்னதாக மட்டும் கூறினார். பிறகு ஈரத்தைப் பற்றிப் பேசினார். ஏலமலையின் மழைக்காலத்தில் துருதான் கத்தியின் முதல் பகை. வழித்து முடித்ததும் கழுவி, முதுகிலிருந்து வாய் நோக்கித் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் மறுநாள் வாயில் கரும்புள்ளிகள் தெரியும்.

இவ்வளவு நுண்ணிய அறிவைத் தாங்கியவர்களை இச்சமூகம் எங்கே வைத்திருந்தது? தமிழகத்தில் இத்தொழில் செய்த சமூகத்தின் பெயர் ‘மருத்துவர்’. கட்டிகளைக் கீறியவர்களும் புண்களுக்கு மருந்திட்டவர்களும் அவர்களே. அச்சமூகத்துப் பெண்களே ‘மருத்துவச்சி’களாக ஊரின் பிள்ளைகளை ஏந்தினார்கள். ஆயினும் கூலி அறுவடைக் காலத்தில் அளந்து தரும் தானியமாகவே இருந்தது. திண்ணையில் ஏறி அமர உரிமை இல்லை. மழித்தவர் சென்றபின் மழிக்கப்பட்டவர் குளித்துவிட்டே வீட்டுக்குள் நுழைந்தார். பெரியவரின் தந்தையும் அப்படித் தெருவோரம் குந்தி வேலை செய்தவர்தாம்.

தீண்டாமைக்கு உள்ளான இந்தக் கை, இன்னொருவரைத் தீண்ட மறுக்கும் கையாகவும் ஆக்கப்பட்டது. அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தம் நினைவுக்குறிப்பில் சாத்தாராவில் கழிந்த இளமையைப் பதிவு செய்திருக்கிறார். அந்நகரில் நாவிதர்கள் இல்லாமலில்லை. கூலி கொடுக்கக் குடும்பத்துக்கு வசதி இல்லாமலுமில்லை. ஆயினும் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் தலையைத் தொட ஒருவரும் இசையவில்லை. மூத்த சகோதரியே தம்பிகளுக்கு முடிவெட்டினார். வெட்டி வெட்டியே தேர்ந்தவரானார். காந்தி தம் தன்வரலாற்றில் பிரிட்டோரியா நகரில் ஓர் ஆங்கில முடிதிருத்துநர் தமக்கு முடிவெட்ட மறுத்ததைச் சொல்கிறார். உடனே கத்தரிப்புக் கருவியை வாங்கிக் கண்ணாடிமுன் நின்று தாமே வெட்டிக்கொண்டார், பின்தலை அலங்கோலமாயிற்று. நீதிமன்றத்தில் நண்பர்கள் நகைத்தார்கள். ஆனால் அவர் அந்த முடிதிருத்துநரைக் குறைகூறவில்லை. கறுப்பருக்குச் சேவை செய்தால் வெள்ளையர் அவரிடம் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்று எண்ணிப் பார்த்தார். இந்தியாவில் நாமும் நம் நாவிதர்களைத் தீண்டப்படாதவர்களுக்குச் சேவை செய்ய விடுவதில்லையே என்றும் எண்ணினார். மறுக்கும் கையை இயக்குவது அந்தக் கைக்குரியவரின் விருப்பம் மட்டுமன்று, அடுத்த நாற்காலியில் காத்திருப்பவரின் விருப்பமும்தான் என்பதை அந்தப் பகுதி தெளிவாக உணர்த்துகிறது.

சகோதரியிடம் முடிவெட்டிக்கொண்ட அந்தச் சிறுவர், 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் ‘கடை’ என்ற சொல்லுக்கு விளக்கம் அளித்தார். நாடி வரும் எவருக்கும் தம் சேவையை அளிக்க உரிமையாளர் ஆயத்தமாக இருக்கும் இடமே கடை என்பது அவ்விளக்கத்தின் சாரம். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ‘கடை’ என்பதற்குள் சலவையகத்தையும் முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சட்டத்தில் முடிதிருத்தகம் இடம்பெற்றதன் பின்னால் ஒரு பெரும் வரலாறு இருக்கிறது.

சட்டம் வந்து அறுபதாண்டுகள் கடந்த பின்னும் எல்லைப்புறத் தமிழ்ச் சிற்றூர்களில் அந்த வரலாறு முடிந்துவிடவில்லை. 2017இல் பாலக்காடு மாவட்டம் முதலமடை ஊராட்சியில், தமிழக எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பில், கேரளத்தில் சக்கிலியர் என்று அழைக்கப்படும் அருந்ததியர்மீது தேநீர்க் கடையிலும் குடிநீர்க் குழாயிலும் பாகுபாடு காட்டப்படுவதாகப் புகார் எழுந்தது. இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மூணாறுக்கு அப்பால் தமிழ் பேசும் மக்கள் நிறைந்த வட்டவடையில், முடிதிருத்தகங்கள் அதே சமூகத்தவருக்குக் கதவடைத்திருந்தன. முடிவெட்டிக்கொள்ள அவர்கள் நெடுந்தொலைவு மலைப்பாதையில் மூணாறு போன்ற ஊர்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஊராட்சி தலையிட்ட பின் அக்கடைகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் ஊராட்சியே அனைவருக்கும் பொதுவான முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. ஆனைக்கரை மாணவரைப் பெரியவரின் கடைக்கு அனுப்பியது அந்தச் செய்திதான்.

அவர் வாயிலேறி வந்த நாளில் பெரியவரும் எதையோ எண்ணியிருக்க வேண்டும். வருபவர் எல்லோருக்கும் முடிவெட்டும் கடைதான் அது. ஆனால் மாணவரின் தந்தை ஒருநாளும் வந்ததில்லை, வாருங்கள் என்று பெரியவர் ஒருநாளும் அழைத்ததில்லை. முப்பதாண்டுகளாக இருவரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கியவர்கள்.

மடக்குக் கத்தி கடைகளிலிருந்து மறைந்த காரணமும் கற்பித்தலின் ஒரு பகுதியாயிற்று. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அதன்பின் வந்த விழிப்புணர்வுப் பரப்புரையில், ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை மற்றொருவருக்குப் பயன்படுத்தாதீர்கள் என்ற செய்தி சிற்றூர்களையும் எட்டியது. அது தேவையான, சரியான மாற்றம். அதோடு ஒரு தலைமுறைக்குள் கல்லையும் வாரையும் அறிந்த கைகள் குறைந்தன. எறியப்படும் பிளேடுக்குப் பேணுதல் தேவையில்லை. ஆகவே கத்தி இன்று பலருக்குச் சேவை செய்யும் கருவியாக அல்லாமல், ஒருவர் தமக்கெனவோ தம் வீட்டார் ஒருவருக்கெனவோ பேணும் கருவியாக மட்டுமே நிலைக்க முடியும். பெரியவர் தம் தந்தையின் கத்தியை அந்த நிபந்தனையோடுதான் கொடுத்தார்: “ஒரு மூஞ்சிக்கு ஒரு கத்தி. மாத்தாதே.”

அந்த ஒரு முகமாக மாணவர் தம் தந்தையின் முகத்தைத் தேர்ந்தார். தந்தை முதலில் சிரித்து மறுத்தார். பிறகு கயிற்றுக் கட்டிலை வெயிலுக்கு இழுத்துப் போட்டு அமர்ந்தார். மாணவர் வெந்நீர்த் துணியால் ஒற்றி, நுரை தடவி, காதோரத்திலிருந்து தொடங்கினார். பெரியவர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், தாடை வளைவுக்கு வந்தபோது மாணவரின் இடக்கை தயங்குவதைக் கண்டு எழுந்தார். தாமே தந்தையின் கன்னத்தைத் தொட்டு, தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, “இப்ப வழி” என்றார். அறுபதை நெருங்கிய அந்த முகத்தை வீட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒரு சவரத் தொழிலாளியின் விரல்கள் தொட்டது அதுவே முதல்முறை. தந்தை கண்களை மூடிக்கொண்டார். கீறல் ஏதுமின்றி வேலை முடிந்தது. பெரியவர் அந்த வீட்டில் தேநீர் குடித்துவிட்டே போனார்.

இதனால் எதுவும் முடிந்துவிடவில்லை. ஊராட்சி திறந்த கடையும், சபையில் சொல்லப்பட்ட விளக்கமும், ஒரு முற்பகலில் நிகழ்ந்த சவரமும் கல்லில் பிறந்த கூரைப் போன்றவை. பேணப்படாவிட்டால் ஈரக்காற்றே அவற்றைத் தின்றுவிடும். கூர்மை ஒருமுறை எய்தி வைத்துக்கொள்ளும் உடைமையன்று. தொடுகையும் அப்படித்தான், நாள்தோறும் செய்துவந்தால்தான் அது வழக்கமாகும். பெரியவர் இப்போது மாதம் ஒருமுறை மாணவரின் தந்தையைத் தம் கடைக்கு அழைக்கிறார். தந்தை சில மாதங்கள் போகிறார், சில மாதங்கள் காரணம் சொல்லித் தவிர்க்கிறார். மாணவர் மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாரை ஆணியில் மாட்டி இழுத்துப் பிடித்து, முதுகு முன்னே, வாய் பின்னே என்று எண்ணத் தொடங்குகிறார்.